தீவுக்குப் போகும் மலிவு வழி

விமானம் போய்விட்டது. நெடும்பாசேரி விமான நிலையத்தின் கவுன்டரில் இருந்த இளம்பெண் அதைச் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். "சார், உங்க சென்னை ஃப்ளைட் லேட்டானதுக்கு நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. அது வேற டிக்கெட், இது வேற டிக்கெட்." சென்னையிலிருந்து கொச்சிக்கு ஒரு டிக்கெட், கொச்சியிலிருந்து லட்சத்தீவின் அகத்திக்கு இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கியவன் நான். இரண்டுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம் விட்டிருந்தேன். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். அகத்திக்கு அடுத்து இடம் இருப்பது நான்கு நாள் கழித்துத்தான் என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார் அந்தப் பெண்.

இப்படிப் பிரித்து வாங்கியதில் நான் மிச்சம் பிடித்தது 1,800 ரூபாய். ஒரே நிறுவனத்தின் ஒரே டிக்கெட்டாக, சென்னை-கொச்சி-அகத்தி என்று சேர்த்து வாங்கியிருந்தால் அவ்வளவு கூடுதல். வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அந்த நிறுவனத்தின் தலையில் விழுந்திருக்கும். என் தலையில் விழுந்தது. 2024 நவம்பர் மாதத்தின் ஒரு பகல். கையில் ஒரு பை, சட்டைப்பையில் தீவுக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு, எதிரே நான்கு வெற்று நாட்கள். டாக்ஸிக்காரரிடம் மலிவாகத் தங்க எங்கே போவது என்று கேட்டேன். "மட்டாஞ்சேரி" என்றார், யோசிக்காமல்.

நெடும்பாசேரியிலிருந்து மட்டாஞ்சேரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். டாக்ஸியை மறுத்துவிட்டு பஸ், படகு, ஆட்டோ என்று மாறி மாறிப் போனேன். மிச்சம் பிடிக்கும் புத்தி அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? வழியெல்லாம் ஓர் எரிச்சல். 1999-ல் நெடும்பாசேரி திறக்கும்வரை கொச்சியின் பயணிகள் விமானங்கள் வில்லிங்டன் தீவிலிருந்த கடற்படை விமானத் தளத்திலிருந்துதான் கிளம்பின. மட்டாஞ்சேரியின் படகுத் துறையில் நின்றால் காயலுக்கு அந்தப்பக்கம் தெரிவதே அந்த வில்லிங்டன் தீவுதான். அகத்தியில் விமான ஓடுபாதை போட்டது 1988-ல். ஆக, ஒரு பத்து வருஷ காலம் மட்டாஞ்சேரிக்காரர் ஒருவர் காலைக் காப்பியைக் குடித்துவிட்டுக் காயலைக் கடந்து போய் லட்சத்தீவு விமானத்தில் ஏறியிருக்க முடியும். இப்போது அதே ஆள் விமான நிலையத்துக்கே இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். விமானத்தில் பறப்பதோ ஒன்றரை மணி நேரம்.

பஜார் ரோட்டில் ஒரு லாட்ஜில் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் சுக்கு வாசனை. எதிரே ஒரு பழைய பண்டகசாலை. ஓடு வேய்ந்த கூரை, உள்ளே முற்றம், முற்றத்தின் அந்தக் கோடியில் நேராகக் காயல். அந்தக் காலத்தில் வள்ளங்கள் பின்வாசலுக்கே வந்து மூட்டை ஏற்றிப் போகும்படி கட்டியிருக்கிறார்கள். சாலைக்கு முகம் காட்டும் வாசல் சின்னது, தண்ணீருக்குக் காட்டுவது பெரியது. இந்தத் தெருவுக்குத் தண்ணீர்தான் முன்பக்கம் என்பது புரிய எனக்கு ஒரு நாள் பிடித்தது.

முதல் நாள் முழுக்க நான் தெருவைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லட்சத்தீவுக்கு மலிவாக எப்படிப் போவது என்பதை வீட்டில் உட்கார்ந்து ஒரு மாதம் ஆராய்ந்தவன், அதே ஆராய்ச்சியை லாட்ஜ் கட்டிலில் படுத்துக்கொண்டு மறுபடி செய்தேன். அதில் தேறியதை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் 1,800 ரூபாய் யாருக்காவது பயன்படட்டும்.

லட்சத்தீவுக்கு ஆகாய வழி அகத்தி ஒன்றுதான். பத்துத் தீவுகளில் மக்கள் வசிக்கிறார்கள். விமானம் இறங்குவது ஒன்றில். அங்கே ஓடுபாதையின் நீளம் சுமார் 1,200 மீட்டர். நெடும்பாசேரியின் ஓடுபாதை 3,400 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீவே ஒரு வெண்டைக்காய் வடிவம். அதன் தெற்கு நுனியில், இருபுறமும் கடல் தெரிய, அந்தப் பாதை கிடக்கிறது. போயிங், ஏர்பஸ் எல்லாம் இறங்க வழியில்லை. முன்பு சிறிய டோர்னியர், பிறகு எழுபது பேர் சொச்சம் அமரும் ஏ.டி.ஆர். அந்த ஏ.டி.ஆர். விமானத்திலும் முழுச் சுமையோடு கிளம்ப இந்த நீளம் போதாது. எடையைப் பார்த்துத்தான் ஆட்களை ஏற்றுவார்கள். விமானம் சின்னது, நடைகள் கொஞ்சம், இடமும் முழுசாக நிரப்ப முடியாது. டிக்கெட் விலை எப்படி இறங்கும்? நான் பார்த்த நாட்களில் கொச்சி-அகத்தி ஒருவழிக் கட்டணம் 5,000-க்கும் 8,000-க்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்தது. அதைவிட அதிக தூரமுள்ள சென்னை-கொச்சிக்கு அதில் பாதிதான்.

பல வருஷம் இந்தத் தடத்தில் பொதுத்துறை விமானம் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவுக் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த படங்கள் வெளியானதும், அதைக் கிண்டல் செய்த மாலத்தீவு துணை அமைச்சர்கள் பதவியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டதும் நினைவிருக்கும். திடீரென்று நாடே லட்சத்தீவுக்கு வழி கேட்டது. அந்த மார்ச் கடைசியில் இண்டிகோ பெங்களூரிலிருந்து அகத்திக்குப் பறக்க ஆரம்பித்தது, பிறகு கொச்சியிலிருந்தும். கோவாவைத் தளமாகக் கொண்ட ஃப்ளை91 என்ற புது நிறுவனமும் வந்தது. (பிரதமர் ஒருவர் இந்தத் தீவுகளைப் பேச்சுப்பொருளாக்கியது இது முதல் தடவை அல்ல. 1987-ன் கடைசி நாட்களில் ராஜீவ் காந்தி குடும்பத்தோடு பங்காரம் தீவில் புத்தாண்டு விடுமுறை கழித்தார். அப்போதும் நாடு வழி கேட்டது. அகத்தி ஓடுபாதை திறந்தது அதற்கு அடுத்த சில மாதங்களில்.)

ஆகவே தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு இப்போது இருக்கிற வழிகள் இவை. ஒன்று, ஒரே நிறுவனத்தில் கொச்சி வழியாகவோ பெங்களூர் வழியாகவோ சேர்த்த டிக்கெட். தேதியைப் பொறுத்து பெங்களூர் வழி சில சமயம் மலிவு. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். இன்னொன்று எனக்குப் பின்னால் தோன்றியது, முன்னால் தோன்றியிருக்க வேண்டியது: முதல் காலுக்கு விமானமே வேண்டாம். சென்னையில் இரவு ரயில் ஏறினால் காலையில் ஆலுவா. அங்கிருந்து விமான நிலையம் பக்கம். அங்கமாலியில் நிற்கிற ரயிலாக இருந்தால் இன்னும் பக்கம். அதிலும் ஒரு நாள் முன்னாலேயே வந்து ஓர் இரவு தங்கிவிடுவது உத்தமம். அந்த ஓர் இரவு லாட்ஜ் வாடகை, தவறவிட்ட விமானத்தின் விலையில் பத்தில் ஒரு பங்கு. மதுரை, கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் வருகிறார்கள்.

அனுமதி கையில் வராமல் டிக்கெட் வாங்கவே கூடாது. 1967-ல் போட்ட விதிகளின்படி வெளியார் எவரும் அனுமதியில்லாமல் இந்தத் தீவுகளில் கால் வைக்க முடியாது. நம் ஊர்ப் போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். அதற்கே ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். தீவுக்காரர் ஒருவர் பெயரில் அழைப்பு வேண்டும், அல்லது 'ஸ்போர்ட்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசுச் சுற்றுலா அமைப்பின் திட்டத்தில் சேர வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மூன்று மாதம் முன்பே டிக்கெட்டைப் போட்டுவிட்டு அனுமதி வராமல் கோட்டைவிட்டவர்கள் உண்டு. இன்னொரு சின்ன விஷயம். விமானத்தைத் தவறவிட்டாலும் டிக்கெட்டில் அடங்கிய வரிகளையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பிக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். நான் கேட்டேன். கிடைத்த தொகையில் இரண்டு நாள் சாப்பிட்டேன்.

மாலத்தீவுக்கே போய்விட்டால் என்ன என்றும் அன்று இரவு கணக்குப் போட்டேன். இந்தியர்களுக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசமாகவே கிடைக்கிறது. போலீஸ் சான்று கிடையாது. சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து கொழும்பு வழியாக மாலேவுக்கு மாறிப் போகும் டிக்கெட் பல நாட்களில் நேர் விமானத்தைவிடக் குறைவு. சென்னையிலிருந்து நேராக அகத்திக்கு ஆகும் மொத்தச் செலவைவிடக்கூடக் குறைவாக வருகிற நாட்கள் உண்டு. ஒரு வெளிநாட்டுத் தீவு நம் சொந்தத் தீவைவிட மலிவாகக் கைக்கு எட்டுகிறது. ஆனால் மாலேவில் இறங்கிய பிறகுதான் அங்கே உண்மையான செலவு ஆரம்பம். ரிசார்ட்டுக்குக் கொண்டுபோகும் கடல் விமானத்தின் கட்டணம் நம் ஊரிலிருந்து வந்த டிக்கெட்டையே மிஞ்சிவிடும். மக்கள் வசிக்கும் தீவுகளில் உள்ள விருந்தினர் விடுதிகளில் தங்கி, பொதுப் படகில் போய் வந்தால் மட்டுமே கணக்கு ஒத்துவரும். தூத்துக்குடித் தோணிக்காரர்கள் வெங்காயமும் கட்டுமானச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மாலேவுக்குப் போய் வருவதை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். அதில் ஆள் ஏற்ற மாட்டார்கள்.

இரண்டாம் நாள் போனை அறையிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்க்கும் கூட்டம் வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் ஊரை முடித்துவிடுகிறது. போர்த்துகீசியர் 1555-ல் கட்டி கொச்சி ராஜாவுக்குக் கொடுத்த, பிறகு டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் 'டச்சு அரண்மனை' என்று பெயர் வாங்கிய மாளிகையில் முக்கால் மணி. 1568-ல் எழுந்த பரதேசி யூதர் ஆலயத்தில் சீனத்து நீலப் பூ ஓடுகளை மிதித்துக்கொண்டு அரை மணி. மீதிப் பொழுது யூதர் தெருவில் காஷ்மீர்க் கடைக்காரர்களிடம் பேரம். எனக்கு நான்கு நாள் இருந்ததால் அரண்மனைச் சுவரின் ராமாயண ஓவியங்களை மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவைதான் அவற்றில் எத்தனை முகங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன என்பது கண்ணில் பட்டது.

ஆனால் இந்த ஊரின் விசேஷம் அரண்மனையில் இல்லை. பஜார் ரோட்டில் ஒரு மைல் நடந்தால் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கட்ச்சி, உருது, தமிழ் எல்லாம் காதில் விழும். டீக்கடையில் என் மலையாளத்தைக் கேட்டுச் சகிக்காமல் ஒரு பெரியவர் தமிழுக்கு மாறினார். பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மிளகு மண்டியில் கணக்கெழுதிய குடும்பமாம். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியின் வேளியில் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்களும் தமிழ்தான் பேசுகின்றன. டச்சுக்காரர் காலத்தில் அழைத்து வரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். எல்லோரும் எங்கிருந்தோ இங்கே வந்து, திரும்பிப் போகக் காத்திருந்து, பிறகு போகாமலே இருந்துவிட்டவர்கள்.

காத்திருப்பதுதான் இந்த ஊரின் பழைய தொழில். அரபிக்கடலில் பாய்மரம் ஓட்டியவர்கள் ஒரு காற்றில் வந்து சேர்ந்தால் எதிர்க்காற்று கிளம்பும்வரை மாதக்கணக்கில் இங்கே கிடக்க வேண்டும். அதுவரை பண்டகசாலையில் மிளகு சேரும், பேரம் நடக்கும், கல்யாணம்கூட நடக்கும். துறைமுகத்தின் வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டைத் தோண்டி, பெரிய கப்பல்கள் உள்ளே வர வழி செய்தவர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய எஞ்சினியர். 1920-ல் வந்தார். 1928-ல் முதல் கப்பல் உட்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் காயலில் கொட்டி உண்டாக்கியதுதான் வில்லிங்டன் தீவு. அதன் மேற்குக் கரையில், மட்டாஞ்சேரியைப் பார்த்தபடி உள்ள கப்பல் துறைக்கு 'மட்டாஞ்சேரி வார்ஃப்' என்றே பெயர்.

லட்சத்தீவுக்காரர்களும் காற்றைப் பார்த்து வந்தவர்கள்தாம். கயிறும் கொப்பரையும் மாசிக் கருவாடும் ஏற்றிய ஓடங்கள் மழைக்காலம் முடிந்ததும் மலபார்க் கரைக்கு வரும். அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு அடுத்த மழைக்கு முன் திரும்பும். பெரும்பாலும் கண்ணூர், கோழிக்கோடு, மங்களூர். 1956-ல் யூனியன் பிரதேசமானபோதும் தலைமை அலுவலகம் கோழிக்கோட்டில்தான் இருந்தது. 1964-ல்தான் கவரத்திக்குப் போனது. பிறகு பெரிய கப்பல்கள் வந்தன, கொச்சி முக்கிய வாசலானது. இன்று ஒரு தீவுக்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதானாலும் கொச்சியில் வந்து இறங்குகிறார். அவர்கள் பேச்சில் இந்தப் பக்கத்துக்குப் பெயர் 'வன்கரை'.

மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து தோப்பும்படிப் பாலம் வழியாக வில்லிங்டன் தீவுக்குப் போனேன். கப்பலில் ஏதாவது இடம் கிடைத்தால் விமானத்தை ரத்து செய்துவிடலாம் என்று ஓர் ஆசை. கப்பல்தான் இந்த வழியின் உண்மையான மலிவுப் பயணம். கொச்சியிலிருந்து தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம். பங்க் வகுப்பில் வரிசையாகப் படுக்கைகள். அதற்கு மேல் நான்கு பேர் அறை, இரண்டு பேர் அறை. தீவுக்காரருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதைவிட அதிகமாக ஒரு கட்டணம். அந்த அதிகமும் விமானக் கட்டணத்தின் பக்கத்தில் வராது. இருப்பதில் பெரியது 2008-ல் வந்த 'எம்.வி. கவரத்தி', 700 பேர் போகலாம். 'கோரல்ஸ்', 'லகூன்ஸ்' தலா 400 பேர். பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் கப்பலுக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். ஆனால் ஒன்று பழுது பார்க்கும் துறையில் இருக்கும், இன்னொன்று வருஷாந்திரச் சோதனைக்குப் போயிருக்கும். ஓடுகிற கப்பல்கள் போதவில்லை என்று தீவு மக்கள் பல வருஷமாகக் குரல் கொடுத்துவருகிறார்கள், போராடியும் இருக்கிறார்கள்.

டிக்கெட் கவுன்டர் அருகே ஒரு மர நிழலில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர் அமினித் தீவுக்காரர். மனைவியின் கண்ணில் பச்சைக் கட்டு. எர்ணாகுளத்தில் ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாளாகிறது, டாக்டர் ஊருக்குப் போகலாம் என்று சொல்லி ஆறு நாளாகிறது. ஆறு நாளாக லாட்ஜ் வாடகை ஓடுகிறது. தீவு மலையாளத்தில் அவர் பேசியதில் பாதி எனக்குப் பிடிபட்டது. சில சொற்கள் தமிழாகவே ஒலித்தன. நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். கப்பலில் ஒரு பங்க் கிடைக்குமா என்று பார்க்க வந்ததாகவும் சொன்னேன்.

"மோனே, உங்ககிட்டே விமான டிக்கெட் இருக்குதானே?"

"இருக்கு. நாளைக்கு. கப்பல் மலிவுன்னு பாத்தேன்."

அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்புதான். "எங்களுக்கு அது மலிவில்ல மோனே. அது ஒண்ணுதான் இருக்கு."

அகத்திக்கு விமானத்தில் போய், அங்கிருந்து அதிவேகப் படகில் அமினி போகலாமே என்று, ஒரு மாத ஆராய்ச்சியின் பலத்தில், நான் அவருக்கு வழி சொன்னேன். இரண்டு பேருக்கு விமானக் கட்டணம் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். நான் சொன்ன தொகையை மனைவியிடம் திரும்பச் சொன்னார். அந்த அம்மாள் கட்டில்லாத கண்ணால் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார். படகு அன்றைக்கு ஓடுமா என்பதும் யாருக்கும் தெரியாதாம். கடல் சரியில்லை என்றால் அகத்தியில் இறங்கி இன்னொரு காத்திருப்பு. அங்கே லாட்ஜும் குறைவு. அவர் எனக்குத் தெரியாத இணைப்பு எதையும் தவறவிடவில்லை. எல்லாவற்றையும் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டுவைத்திருந்தார்.

உயிருக்கு ஆபத்தான நோயாளிகளை அழைத்துவர நிர்வாகத்தின் ஹெலிகாப்டர் உண்டு. திரும்பிப் போக அது கிடையாது. திரும்பும்போது எல்லோரும் பயணிகள்தான். வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த வரிசையில் சுற்றுலா போகும் என் போன்ற ஒருவனும் நிற்கலாம். சுற்றுலாத் திட்டங்களுக்கென்று கப்பலில் தனியாக இடம் ஒதுக்குவதும் உண்டு. தீவுகளுக்குச் சுற்றுலாவால் வருமானம் வருகிறது, அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனமில்லை. அமினிக்காரரும் சொல்லவில்லை. அவருடைய மகனே அகத்தியில் மீன்பிடிப் படகை விட்டுவிட்டு சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகிறானாம். ஆனால் கூட்டத்தைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கப்பலைக் கூட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. விளம்பரம் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடும். கப்பல் கட்ட வருஷங்கள் ஆகும். 32 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர். சென்னையில் ஓரிரு வார்டு மக்கள். அவர்களுக்கு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே 400 கிலோமீட்டர் கடல்.

நான் கவுன்டருக்குப் போகவில்லை. இதைத் தியாகம் என்று யாரும் எண்ண வேண்டாம். விசாரித்தபோது எப்படியும் எனக்கு இடம் கிடைத்திருக்காது என்று தெரிந்தது.

சாயங்காலம் மட்டாஞ்சேரி திரும்பி நியூ ரோட்டில் 'காயிக்கா' கடையில் பிரியாணி சாப்பிடப் போனேன். மட்டன் தீர்ந்துவிட்டது என்றார்கள். அங்கே மத்தியானமே போய்விட வேண்டும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதியாம். சுலைமானி ஒன்றைக் குடித்துவிட்டு படகுத் துறைக்கு வந்து உட்கார்ந்தேன். எதிரே வில்லிங்டன் தீவின் கிரேன்களில் விளக்கு எரிந்தது. (அப்போது வாட்டர் மெட்ரோ ஃபோர்ட் கொச்சிவரைதான் வந்திருந்தது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் முனையங்கள் வந்துவிட்டன. இப்போது போகிறவர்கள் ஏ.சி. படகில் உட்கார்ந்து இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.) பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன் ஒரு வெள்ளைக் கப்பலைக் காட்டி, "அது தீவுக் கப்பல். நாளைக்கு மத்தியானம் போகும்" என்றான். அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவனுடைய அப்பா அங்கே மூட்டை ஏற்றுகிறார்.

நான்காம் நாள் காலை ஐந்து மணிக்கே கிளம்பினேன். விமானத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. பட்டவன் அப்படித்தான் செய்வான். லாட்ஜ் மேனேஜர், அடுத்த முறை வந்தால் நாலு நாள் தங்குவதாகச் சொல்லிவிட்டே வரும்படியும், வாடகையில் குறைப்பதாகவும் சொன்னார். வழியில் வில்லிங்டன் தீவைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னேன். ஆட்டோக்காரர் காரணம் கேட்கவில்லை, மீட்டரைக் காட்டினார்.

பயணிகளைச் சோதித்து அனுப்பும் கூடத்தின் முன்னால் அந்நேரத்துக்கே கூட்டம். அட்டைப் பெட்டிகள், அரிசி மூட்டைகள், ஒரு புது சைக்கிள், வாழைத்தார்கள், பாலிதீன் சுற்றிய மெத்தை. அந்த மெத்தையின் மேல் அமினித் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். மெத்தை வேறு யாருடையதோ. முந்தின நாள் நான் போன பிறகு யாரோ ரத்து செய்த இரண்டு பங்க் கிடைத்ததாம். கப்பல் கிளம்ப இன்னும் ஏழெட்டு மணி நேரம் இருந்தது. இப்போதே வந்துவிட்டீர்களே என்றேன். "நீங்களும்தான்" என்றார் அவர். கவரத்தியில் முதலில் நிற்கும், பிறகு அமினி. மறுநாள் சாயங்காலத்துக்குள் வீட்டில் இருக்கலாம், கடல் ஒத்துழைத்தால். அமினியில் கப்பல் நடுக்கடலில் நின்றுவிட்டால் சின்னப் படகில் இறங்க வேண்டும், கண்ணில் உப்புத் தண்ணீர் படக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பதுதான் அவருடைய கவலை. ஒரு கறுப்புக் குடை வாங்கி வைத்திருந்தார்.

என் விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. எழுபது இருக்கைகளில் பத்துப் பன்னிரண்டு காலி. கீழே நாலாயிரம் ரூபாய் மலிவாகக் கிடைத்தாலும் ஏறியிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். எடை கணக்கில் அந்த இருக்கைகள் காலியாகத்தான் போக வேண்டும் என்பதும் தெரியும். மேகம் கலைந்தபோது கடல் கறுநீலமாகக் கிடந்தது. ஒன்றரை மணி நேரத்தில் அது பச்சையானது, பிறகு பாலில் கலந்த பச்சை, அதன் நடுவே அந்த ஒல்லியான பாதை. சக்கரம் தரையைத் தொட்டதும் விமானி பிரேக்கை அழுத்திய அழுத்தில் எல்லோரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தோம்.

பகல் சாப்பாட்டுக்கு முன்பே முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கொச்சியில் அந்தக் கப்பல் இன்னும் கயிற்றை அவிழ்த்திருக்காது.